‘ரிலாக்ஸ் பண்ணுங்க’ சரி, எப்போது? ஒரு வங்கி அதிகாரியின் கேள்விக்கு என் பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். வயது 42. தென் மாவட்டத்து டவுன் ஒன்றில் வங்கிக் கிளையில் கடன் பிரிவு அதிகாரி. காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரவு ஏழரைக்குத்தான் வெளியே வருகிறார். வீட்டில் இரண்டு பிள்ளைகள், வயதான மாமியார், வேலைக்குப் போகும் கணவர். பதினொரு மணிக்குப் படுத்தால் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கம் இல்லை. போனில் ‘டிங்’ என்றாலே நெஞ்சு படபடக்கிறது. யோகா வகுப்பு ஒரு மாதத்தில் நின்றுவிட்டது. தியானத்துக்கு ஒரு ஆப் இறக்கியும் பயனில்லை. “எல்லாரும் ரிலாக்ஸ் பண்ணு என்கிறார்கள், எப்போது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை” என்று முடித்திருக்கிறார்.

அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி. பல வருடமாக அலுவலகக்காரர்களோடு, அதிலும் வங்கிக்காரர்களோடு, இதைப் பேசிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் எல்லோரும் ராத்திரி பத்து மணியிலிருந்து தொடங்குகிறார்கள். நாள் முழுக்க முறுக்கி வைத்த உடம்பைப் படுக்கையில் போட்டு, ஆப்பைத் தட்டி, பதினைந்து நிமிடத்தில் தளர வேண்டும் என்கிறார்கள். அது நடக்காததில் ஆச்சரியமில்லை. உங்களுக்கு நான் சொல்லும் ஓய்வு இரவு ஏழேகாலுக்கு, கிளையிலேயே, உங்கள் நாற்காலியில் தொடங்குகிறது. அது சரியானால்தான் மூச்சுப்பயிற்சியும் யோகாவும் வேலை செய்யும்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. படபடப்பு, மூன்று மணி விழிப்பு, அசதி மூன்றையும் ‘டென்ஷன்’ கணக்கில் எழுதிவிடாதீர்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு நான்கையும் பாருங்கள். நம் ஊர்ப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. ரத்தசோகையிலும், தைராய்டு கூடினாலும் இதே படபடப்பு வரும். உங்கள் வயதில் மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஹார்மோன் மாற்றமும் தொடங்கலாம். ராத்திரியில் திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்து விழிப்பு வருகிறது என்றால் அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். குறட்டை இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இவற்றில் ஒன்று இருந்தால், எத்தனை பிராணாயாமம் செய்தாலும் அந்தப் பங்கு குறையாது.

சரி, உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நகை ஏலத்துக்குப் போன கோபத்தில் ஒருவர் உங்கள் மேஜை முன் நின்று கத்துகிறார். அந்த நொடியில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகிறது, தோளும் தாடையும் இறுகுகின்றன. சண்டைக்கோ ஓட்டத்துக்கோ உடம்பு இப்படித் தயாராவதை வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியலாளர் 1910-களிலேயே விளக்கிவிட்டார். நீங்கள் சண்டையும் போடவில்லை, ஓடவும் இல்லை. “உட்காருங்க சார், பார்க்கிறேன்” என்கிறீர்கள். அடுத்த டோக்கன் வந்துவிடுகிறது. முறுக்கு இறங்குவதற்குள் மேலே இன்னொன்று ஏறுகிறது. ஒரு தடவை ஏறினால் கெடுதல் இல்லை. இறங்க இடம் கொடுக்காமல் நாள் முழுக்க ஏறிக்கொண்டே இருப்பதுதான் பிரச்சினை.

மூன்று மணி விழிப்புக்கும் ஒரு காரணம் இருக்கிறது. கார்டிசால் என்ற ஹார்மோன் நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவாக இருக்கும். விடியற்காலை நோக்கி ஏறத் தொடங்கி, நாம் எழுந்து முக்கால் மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். இரவின் முதல் பாதியில்தான் ஆழ்ந்த தூக்கம் அதிகம். இரண்டாம் பாதியில் தூக்கமே மெலிசு. அந்த நேரத்தில் எல்லோருக்கும் ஒன்றிரண்டு தடவை விழிப்பு வரத்தான் செய்கிறது, புரண்டு படுத்துத் தூங்கிவிடுகிறோம், காலையில் நினைவிருப்பதில்லை. உங்களுக்கு விழிப்பு வந்த கையோடு, “அந்த அரிசி ஆலைக் கணக்கு இந்த வாரம் தொண்ணூறு நாளைத் தாண்டிவிடுமே, வாராக்கடன் ஆகிவிடுமே” என்று ஒரு நினைப்பும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தூக்கத்தைத் திரும்ப வரவிடாமல் செய்வது அந்த நினைப்புதான்.

அந்த நினைப்பைப் பகலிலேயே எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும். ஜெர்மன் உளவியலாளர் சபீன் சோனன்டாக் இந்தத் துறையில் பெரிய பெயர். வேலை நேரத்துக்குப் பிறகு மனதளவிலும் வேலையை விட்டு விலகுகிறவர்கள்தான் அதிகம் தேறுகிறார்கள் என்று அவரும் அவரைத் தொடர்ந்தவர்களும் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள். உடம்பு சோபாவில் இருந்தால் போதாது. சீரியல் ஓடிக்கொண்டிருக்க, ரீஜனல் ஆபீஸ் குரூப்பில் ‘இன்றைய எஸ்எம்ஏ (தவணை தவறிய கடன்) வசூல் எவ்வளவு?’ என்ற கேள்விக்கு யார் என்ன நம்பர் போட்டார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு மணி நேரம் ஓய்வுக் கணக்கில் சேராது. வேலை அதிகமாக இருக்கும் நாளில்தான் இப்படி விலகுவது கடினமாகவும் இருக்கிறது, அன்றைக்குத்தான் அது அதிகம் தேவையாகவும் இருக்கிறது.

விலகுவதற்கு என்ன வழி? 1927-ல் பெர்லினில் பிளூமா ஸைகார்னிக் என்ற இளம் ஆய்வாளர் ஒன்றைக் கவனித்தார். முடித்த வேலைகளை விட, பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகளே ஆட்களுக்கு அதிகம் ஞாபகம் இருந்தன. பிறகு அதே சோதனையைச் செய்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை என்பதால் அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் 2018-ல் அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சிறிய சோதனை எனக்குப் பிடிக்கும். 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் படுக்க வைத்து, படுக்கும் முன் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். ஒரு பாதிப் பேர் முடித்த வேலைகளை எழுதினார்கள், மறுபாதி இனி செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள். இரண்டாவது கூட்டம் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகவே தூங்கிவிட்டது. அவர்களிலும் பட்டியலை விவரமாக எழுதியவர்களுக்குத் தூக்கம் இன்னும் சீக்கிரம் வந்தது.

உங்கள் கிளையில் கேஷ் டாலி ஆகாமல் பெட்டக அறையைப் பூட்ட மாட்டீர்கள். மண்டையை மட்டும் டாலி பண்ணாமல் அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள். ஏழேகாலுக்குச் சிஸ்டத்தை லாக் செய்துவிட்டு ஒரு கால் தாள் எடுங்கள். நிலுவையில் உள்ள ஒவ்வொன்றையும் ஒரு வரியில் எழுதுங்கள். அந்த வரியில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: எது, எங்கே நிற்கிறது, நாளைக்கு முதல் அடி என்ன, எத்தனை மணிக்கு. ‘அரிசி ஆலை - ஸ்டாக் ஸ்டேட்மென்ட் வரவில்லை - காலை 10.30-க்குப் போன், இல்லையென்றால் மதியம் நேரில்.’ வெறுமனே ‘அரிசி ஆலை’ என்று எழுதினால் மூன்று மணிக்கு அது மறுபடி வரும். முதல் அடி தெரிந்துவிட்ட விஷயம் பெரும்பாலும் அந்த அளவுக்குத் தொந்தரவு செய்வதில்லை. உங்கள் கையில் இல்லாதவற்றை, மேலிடத்து சாங்ஷன் மாதிரி, தாளின் அடியில் ஒரு கோடு போட்டு அதற்குக் கீழே எழுதுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவற்றுக்கு நாளைக்கு நீங்கள் செய்யக்கூடியது ஒரே ஒரு நினைவூட்டல் மெயில்தான்.

தாளை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள். வாடிக்கையாளர் விவரம் வெளியே போகக்கூடாது என்பது ஒரு காரணம். கைப்பையில் இருந்தால் பஸ்ஸிலேயே எடுத்துப் படிப்பீர்கள் என்பது இன்னொரு காரணம். போனில் எழுத வேண்டாம் என்பதும் அதற்காகத்தான். போனைத் திறந்தால் குரூப் முதலில் கண்ணில் படும்.

அடுத்தது கிளைக்கும் அடுப்படிக்கும் நடுவே உள்ள நேரம். பெண் அதிகாரிகளில் பலருக்கு இது இல்லவே இல்லை. ஏழரைக்கு ஸ்கூட்டியை எடுத்து, வழியில் காய்கறி வாங்கி, ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே இரவுக்குத் தோசையா உப்புமாவா என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். இதில் இருபது நிமிடம் உங்களுக்கென்று வேண்டும். பேரம் பேசியாவது வாங்க வேண்டும். வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, உள்ளே போகாமல் அப்படியே தெருவில் இருபது நிமிடம் நடந்துவிட்டு வரும் ஒருவரை எனக்குத் தெரியும். உள்ளே போனால் வெளியே வர முடியாது என்பது அவர் கணக்கு, சரியான கணக்கு. பகல் முழுக்க இயங்குவதற்குத் தயாராகி இயங்காமலே உட்கார்ந்திருந்த உடம்புக்கு நடை ஒரு வடிகால். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவும் இதிலேயே கிட்டத்தட்ட வந்துவிடும். நடந்துவிட்டு வந்து, கை கால் முகம் கழுவி, புடவையோ சுடிதாரோ மாற்றிய பிறகு சமையலறைக்குப் போங்கள்.

வாட்ஸ்ஆப் குரூப்புக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால், இந்தப் பதிலில் உங்களுக்கு மிகவும் கடினமான பகுதி இதுதான். வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பில் இல்லாமல் இருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017 தொடக்கத்தில் சட்டமாக்கியது. இங்கே நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதாவாக அது வந்ததோடு சரி. அதனால் சட்டத்தைக் காட்டிப் பேச முடியாது, ஏற்பாடு செய்துகொள்ளத்தான் முடியும். எடுபடக்கூடிய ஏற்பாடு ஒன்று சொல்கிறேன். குரூப்பை ஊமையாக்குங்கள். கிளை மேலாளரிடம் நேரில், மாலை நேர அவசரத்தில் இல்லாமல் காலையில் கொஞ்சம் ஓய்வாக இருக்கும்போது சொல்லுங்கள்: “சார், ராத்திரி எட்டரைக்கு ஒரு தடவை குரூப் பார்த்துப் பதில் போட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகு அவசரம் என்றால் மெசேஜ் வேண்டாம், போன் பண்ணுங்கள், கண்டிப்பாக எடுக்கிறேன்.” இதை மறுப்பவர்கள் குறைவு, ஏனென்றால் நீங்கள் எதையும் மறுக்கவில்லை. மெசேஜ் தட்டுவது சுலபம். ஒன்பதரைக்கு ஒருவரைப் போனில் கூப்பிட்டு நம்பர் கேட்பதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சமே பாதி அவசரங்களை வடிகட்டிவிடும். அந்த ‘டிங்’ ஒலியையும் மாற்றுங்கள். உங்கள் உடம்பு அந்தச் சத்தத்தை ஆபத்தோடு சேர்த்துப் பழகிவிட்டது. பிள்ளைகளின் பள்ளிக்கும் அம்மாவுக்கும் வேறு ஒலி, அலுவலகத்துக்கு ஒலியே வேண்டாம்.

இனி உடம்பைத் தளர்த்தும் பயிற்சிகள். முதலில் ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். இடது மணிக்கட்டில், கட்டை விரலுக்குக் கீழே, வலது கையின் இரண்டு விரலை வைத்து நாடியைப் பிடியுங்கள். மெதுவாக நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும் வரை வெளியே விடுங்கள். இழுக்கும்போது நாடி கொஞ்சம் நெருங்கித் துடிப்பதும், விடும்போது இடைவெளி கூடுவதும் பலருக்கு விரலிலேயே தெரியும். மூச்சை வெளியே விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. நீளமாக மூச்சு விடச் சொல்வதன் பின்னால் இருப்பது இதுதான். நான்கும் ஆறும் பத்து விநாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடம் போதும். இதற்குப் பாய் வேண்டாம், கண்ணை மூட வேண்டாம். கத்திவிட்டுப் போன வாடிக்கையாளரின் நாற்காலி காலியானதும், அடுத்த டோக்கனை அழுத்தும் முன் ஆறு மூச்சு விடுங்கள். ஒரு நிமிடம்தான். உங்கள் பிரச்சினை முறுக்கு இறங்க இடமே இல்லாதது என்றேனே, அந்த இடத்தை இப்படித்தான் நாளுக்குள் செருக முடியும்.

தசைத் தளர்ச்சி இன்னொன்று. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற சிகாகோ மருத்துவர் இதை உருவாக்கி 1929-ல் நூலாகவே வெளியிட்டார். தசை இறுகியிருப்பது நமக்கே தெரிவதில்லை, அதனால்தான் ‘தளர்த்து’ என்றால் எதை என்று தெரிவதில்லை என்பது அவர் பிடித்த நுனி. இப்போதே கவனியுங்கள், உங்கள் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? சும்மா இருக்கும் வாயில் அவை தொடக்கூடாது. படுக்கையில் மல்லாந்து, கையை ஐந்து விநாடி இறுக்கி முஷ்டி பிடித்து, சட்டென்று விட்டு, அரை நிமிடம் அந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். பிறகு முன்கை, தோளைக் காதுவரை தூக்குவது, நெற்றி, தாடை, வயிறு, தொடை, பாதம் என்று வரிசையாகப் போங்கள். மூச்சை அடக்க வேண்டாம், வலிக்கிற இடத்தை விட்டுவிடுங்கள். இறுக்குவதை விட, விட்ட பிறகு கவனிக்கும் அந்த அரை நிமிடம்தான் பயிற்சி. பலர் அதைத்தான் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

யோகாவிலும் அதே கதை. காலை ஐந்தரைக்கு எழுந்து ஓடி, வகுப்பு முடிகிற சவாசனத்தின்போது பாதிப் பேர் பாயைச் சுருட்டுகிறார்கள், பிள்ளைக்கு டிபன் கட்ட வேண்டும் என்று. உங்களுக்கு மிகவும் வேண்டிய பத்து நிமிடம் அதுதான். ஏற்கனவே நாலு மணி நேரம் மட்டும் தூங்குகிறவர் தூக்கத்தை வெட்டி யோகாவுக்குப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். வகுப்பு நின்றது உங்கள் சோம்பேறித்தனம் இல்லை, அந்த நேரம் உங்களுக்கு ஆகாது. தூக்கம் சரியான பிறகு ஞாயிறு மாலை வகுப்பு ஏதாவது இருந்தால் பாருங்கள். தியான ஆப்பைப் பொறுத்தவரை, கண்ணை மூடி உட்கார்ந்ததும் படபடப்பு கூடுகிற ஆட்கள் உண்டு. இது விசித்திரம் இல்லை, நூல்களில் பதிவான விஷயம். அப்படி இருந்தால் வற்புறுத்த வேண்டாம். கண் திறந்தபடி மூச்சும் நடையும் போதும்.

காபி. கிளையில் நாலரைக்கு ஒன்று, மாலை ரிவ்யூ மீட்டிங்கில் இன்னொன்று வரும். காபியில் உள்ள கஃபீனில் பாதி உடம்பை விட்டு வெளியேறவே சுமார் ஐந்தாறு மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். ஆறரை மணிக் காபியின் பாதி பதினொன்றரைக்கும் உங்களுக்குள் இருக்கிறது. மதியம் இரண்டுக்கு மேல் காபி வேண்டாம், டீயும் குறையுங்கள். நிறுத்திய முதல் இரண்டு நாள் தலை வலிக்கலாம். மதியச் சாப்பாட்டை உங்கள் மேஜையில் ஃபைலுக்கு நடுவே சாப்பிடாதீர்கள். சாப்பாட்டு அறையில் பதினைந்து நிமிடம், கூட இருப்பவர்களோடு, டார்கெட் பேசாமல். பேசாமல் இருப்பது முடியாது என்று தெரியும். முயற்சி செய்யலாம்.

மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் மணி பார்க்காதீர்கள். கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள், போன் கூடத்தில் சார்ஜ் ஆகட்டும், அலாரத்துக்கு ஒரு டைம்பீஸ் வாங்குங்கள். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து போய் மங்கல் வெளிச்சத்தில் ஏதாவது சலிப்பான வேலை செய்யுங்கள். துணி மடிக்கலாம். கண் சொக்கியதும் திரும்பப் படுங்கள். படுக்கை என்றால் கவலைப்படும் இடம் என்று மூளை பழகிவிடாமல் இருக்கத்தான் இது. காலையில் எழும் நேரம் மட்டும் ஞாயிறு உட்பட ஒன்றாகவே இருக்கட்டும். ஞாயிறு ஒன்பது வரை தூங்கினால் ஞாயிறு ராத்திரி தூக்கம் தள்ளிப்போகும், திங்கள் காலை அதன் வட்டியைக் கட்ட வேண்டியிருக்கும். தூக்க மருத்துவத்தில் மாத்திரைக்கு முன்னால் முயல வேண்டியதாகச் சொல்லப்படும் நடத்தைச் சிகிச்சையின் முக்கியப் பகுதிகள் இவை. பலன் தெரிய சில வாரம் ஆகும்.

இதெல்லாம் சரி, வீட்டு வேலை யார் செய்வார்கள் என்பீர்கள். இந்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். வேலை, வீடு என்று சமநிலையைப் பற்றி எழுதுகிறவர்கள் பாதிப் பேர் இந்த 201 நிமிடத்தைக் கண்டுகொள்வதே இல்லை. உங்கள் கணவர் பாத்திரம் தேய்க்கிறார், காய் நறுக்குகிறார் என்று எழுதியிருந்தீர்கள். நல்லது. ஆனால் என்ன காய் நறுக்குவது என்று யோசிப்பவர் நீங்கள். மாமியாருக்கு ரத்த அழுத்த மாத்திரை வியாழனோடு தீர்கிறது, பெரியவளுக்கு சயின்ஸ் புராஜெக்ட்டுக்குத் தெர்மோகோல் வேண்டும், கேஸ் புக் பண்ண வேண்டும் என்பதெல்லாம் உங்கள் தலையில்தான் ஓடுகிறது. கிளையில் நிலுவைப் பட்டியல் மாதிரியே இதுவும் ஒன்று, இதற்கு டிராயர் கிடையாது. அதனால் வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்காமல் முழுசாகக் கைமாற்றுங்கள். மாமியாரின் மருந்து, டாக்டர், டெஸ்ட் முழுவதும் கணவருடையது, நினைவில் வைப்பது உட்பட. வாரத்தில் மூன்று நாள் ராத்திரிச் சாப்பாடு அவருடையது, என்ன என்று முடிவு செய்வது உட்பட. முதல் இரண்டு வாரம் ஒன்றிரண்டு தப்பும். நடுவில் போய்க் கையை வைக்காமல் இருப்பதுதான் உங்கள் பங்கு. கைமாற்றிப் பழகிய குடும்பங்களில் மாமியாரே மகனைக் கூப்பிட்டு மாத்திரை கேட்கத் தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

கிடைத்த நேரத்தில் என்ன செய்வது? சும்மா படுத்துக் கிடப்பது மட்டும் ஓய்வு இல்லை. சோனன்டாக், சார்லட் ஃபிரிட்ஸ் இருவரும் 2007-ல் மீள்வதற்கான அனுபவங்களை நான்காகப் பிரித்தார்கள்: வேலையிலிருந்து மனம் விலகுவது, உடலும் மனமும் தளர்வது, புதிதாக ஒன்றில் கைதேறுவது, நம் நேரம் நம் கையில் இருப்பது. மூன்றாவதைத்தான் நாற்பது வயதுக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். கல்லூரியில் இறகுப்பந்து ஆடினேன் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். மாவட்ட விளையாட்டரங்கிலோ கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் போட்ட தகரக் கொட்டகையிலோ வாரம் இரண்டு நாள் கோர்ட் கிடைக்கும். பந்து மேலே வரும்போது அரிசி ஆலையை நினைக்க முடியாது. மூச்சுப்பயிற்சியை விட இது உங்களுக்கு அதிகம் உதவும் என்பது என் ஊகம்.

கடைசியாக, உங்கள் கையில் இல்லாத பங்கு. நெருக்கடியும் அதிகம், முடிவெடுக்கும் உரிமையும் குறைவு, இரண்டும் சேர்ந்த வேலைதான் மனிதரை அதிகம் கசக்குகிறது என்று ராபர்ட் காராசெக் 1979-ல் காட்டினார். லண்டன் அரசு ஊழியர்களை மைக்கேல் மார்மட் குழு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தபோதும், இதய நோய் அதிகம் வந்தது பெரிய அதிகாரிகளுக்கு அல்ல, வேலையில் தன் சொல் எடுபடாத கீழ்நிலை ஊழியர்களுக்கு. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35-40 மணி நேரக்காரர்களை விடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சொல்லின. நீங்கள் நாளுக்குப் பத்து மணி நேரம், சனிக்கிழமையும் சேர்த்தால் கணக்கு எங்கே போகிறது என்று பாருங்கள். எட்டு மணி நேர வேலை கேட்டு எழுந்த மே தினத்தை, 1923-ல் இந்தியாவில் முதன்முதலாக சிங்காரவேலர் கொண்டாடியது நம் சென்னைக் கடற்கரையில்தான். நூறு வருடம் தாண்டியும் வங்கிக் கிளையில் ஏழரைக்கு விளக்கு எரிகிறது.

அதனால் தளர்வுப் பயிற்சியோடு நிறுத்தாதீர்கள். கடன் பிரிவில் எத்தனை வருடம் ஆயிற்று? பிரிவு மாற்றம் எழுத்தில் கேளுங்கள், சங்கத்திலும் சொல்லி வையுங்கள். வாடிக்கையாளருக்கு ஒத்துவராத இன்சூரன்ஸ் பாலிசியைத் தலையில் கட்டச் சொல்கிறார்கள் என்பதுதான் உறுத்தல் என்றால், அதை எந்த மூச்சுப்பயிற்சியும் தீர்க்காது, அது தீரவும் கூடாது. விற்காமல் திட்டு வாங்கும் நாளில் தூக்கம் நன்றாக வந்தது என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. இன்னொன்றையும் விசாரியுங்கள். முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களை முன்னறிவிப்பு இல்லாமல் வருடத்துக்குக் குறைந்தது பத்து வேலை நாள் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021 ஜூலையில் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அந்த நாட்களில் அவர்களுக்குச் சிஸ்டத்தைத் திறக்கும் அனுமதியே கூடாது, அலுவலக மெயிலைத் தவிர. மோசடியைப் பிடிக்கத்தான் இந்த விதி. ஆனால் இதைவிட நல்ல ஓய்வுத் திட்டத்தை எந்த மனிதவளத் துறையும் எழுதியதில்லை. உங்கள் பதவி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

விடுப்பு கிடைத்தாலும் அதன் பலன் சில வாரங்களில் கரைந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏழேகால் மணித் தாளும் இருபது நிமிட நடையும் தினமும் வேண்டியிருப்பது அதனால்தான்.

அசதி போகவே இல்லை, வாடிக்கையாளர்கள் மேலேயே வெறுப்பு வருகிறது, எதைச் செய்தும் என்ன ஆகப்போகிறது என்று இருக்கிறது என்றால், அது பணிச்சோர்வு முற்றிய நிலை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதைத் தன் நோய்ப் பட்டியலில், நோய் என்று சொல்லாமல் வேலையால் வரும் நிலை என்று சேர்த்தது. அழுகை, எதிலும் விருப்பமின்மை, பசி இல்லாமை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே பேசுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். தூக்க மாத்திரையை மட்டும் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார் என்று மருந்துக்கடையில் வாங்காதீர்கள். அல்பிரசோலம் வகை மாத்திரைகள் சில வாரத்திலேயே பழக்கமாகிவிடும், விடுவது பெரும்பாடு.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் தாளும், போன் ஒலி மாற்றமும். அப்புறம் நடை, காபி. கணவரோடு பேச்சு ஒரு சனிக்கிழமை, பிள்ளைகள் டியூஷன் போன பிறகு. மார்ச் கடைசி வாரம், செப்டம்பர் கடைசி வாரம் என்று கணக்கு முடிக்கும் கிளோசிங் வந்தால் நடை நிற்கும், இறகுப்பந்து நிற்கும், பரவாயில்லை. அந்த வாரங்களில் காலை எழும் நேரத்தையும் ஏழேகால் தாளையும் மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஒன்பதே காலாக இருந்தாலும் சரி.